ஜிர்காடாங்கில் யாரோ வாங்கிக் கொடுத்த பூரி

நான் கேட்டது ஒரு டீ மட்டும். டீயோடு ஒரு பூரித் தட்டும் வந்தது. மூன்று பூரி, ஓரத்தில் மஞ்சளாக உருளைக்கிழங்கு, அதன் மேல் ஒரு பச்சை மிளகாய்.

“இது நான் கேக்கலையே” என்றேன்.

“சாப்பிடுங்க மேடம். பைசா ஹோ கயா. குடுத்தாச்சு” என்றாள் கடைக்காரி. வங்காளி. எல்லோருக்கும் அவள் தீதி, அதாவது அக்கா. ஹிந்தியும் தமிழும் கலந்து அவளே ஒரு பாஷை செய்து வைத்திருந்தாள்.

“யாரு குடுத்தது?”

“கோயி தியா.” யாரோ கொடுத்தார்கள். அவ்வளவு சொல்லிவிட்டு அடுத்த பூரியை எண்ணெயில் போட்டுவிட்டாள். அது உப்பி எழுவதைப் பார்க்கத்தான் அவளுக்கு நேரம் இருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். எதிர் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். போர்ட் பிளேயர் பஸ் ஸ்டாண்டில் என் பையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, “மாயாபந்தருக்கா மேடம்?” என்று தமிழில் கேட்ட அதே ஆள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

“நான் உங்ககிட்ட கேட்டேனா? பொம்பளை தனியா வந்தா பூரி வாங்கிக் குடுத்து ஆழம் பாக்குறதா? உங்களை மாதிரி ஆளுங்களை எல்லாம் நான் கப்பல்லயே பாத்தவ!”

கடையில் இருந்த பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று அதையே ஹிந்தியிலும் ஒரு தடவை சொன்னேன். நான் டீச்சர். எதையும் இரண்டு முறை சொல்லிப் பழக்கம்.

அவர் எழுந்து நின்றார். “நா ஒண்ணும் குடுக்கலியே மேடம்” என்றார். அதற்கு மேல் அவர் சொல்வதற்குள் கேட்டில் போலீஸ்காரர் விசில் ஊதிவிட்டார். எல்லோரும் அவரவர் வண்டியைப் பார்த்து ஓடினார்கள். பூரியைத் தொடாமல் நானும் ஓடினேன்.

இந்தத் தொடரில் நான் என்னை நல்லவளாகவே காட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருக்காக இந்த வாரம்.

கேட் திறக்கும் வரை

அந்தமானில் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. போர்ட் பிளேயரிலிருந்து வடக்கே மாயாபந்தர் போகிற சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. அவர்கள் காட்டில் நாம் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. ஜிர்காடாங்கில் ஒரு கேட் இருக்கிறது. பஸ், லாரி, ஜீப் எல்லாம் அங்கே வரிசையாக நிற்க வேண்டும். குறித்த நேரத்தில் கேட்டைத் திறந்து, எல்லா வண்டியையும் ஒரே கூட்டமாக, காவலோடு அனுப்புவார்கள். அதற்குக் கான்வாய் என்று பெயர். வழியில் எங்கும் நிற்கக் கூடாது. ஒரு கான்வாயை விட்டால் அடுத்ததற்கு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அதனால் அந்தக் கேட்டடியில் இருக்கிற டீக்கடைகளுக்கு ஒரு தனி அவசரம் உண்டு. ஈரக் காட்டு வாசனையும் டீசல் புகையும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து மூக்கில் ஏறும். எல்லோரும் ஒரு கண்ணைத் தட்டிலும் ஒரு கண்ணைக் கேட்டிலும் வைத்துச் சாப்பிடுவார்கள்.

அப்போது எனக்கு மாயாபந்தர் பள்ளிக்கு மாற்றல் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல். வீடும் வீட்டுக்காரரும் போர்ட் பிளேயரில், டாலிகஞ்சில். கோடை விடுமுறை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மாற்றலை ரத்து செய்ய ஏன் யாரையும் பார்க்கவில்லை என்று அன்று காலையில்தான் அவரோடு பெரிய சண்டை. பஸ் நகரத்தைத் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். அழுத முகத்தோடு இறங்கித்தான் அந்த டீயைக் கேட்டேன்.

கப்பல் கேன்டீன்

“கப்பல்லயே பாத்தவ” என்று சொன்னேன் இல்லையா, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் காலேஜ் படித்த காலம். விடுமுறைக்குச் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் வருவேன். மூன்று நாள். பங்க் கிளாஸில் கீழே படுக்கை, மேலே போனால் கேன்டீன். ஒரு தடவை டீ வாங்க நின்றபோது முன்னால் நின்ற ஒருவர் எனக்கும் சேர்த்து வாங்கினார். வேண்டாம் என்றேன். “அட, ஒரு டீ தானே சிஸ்டர்” என்றார். மறுநாள் உப்புமா. அதற்கு மறுநாள் என் வீட்டு விலாசம் கேட்டார். சொல்லவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் எங்கள் தெருமுனையில் வந்து நின்றார். அப்பா போய்ப் பேசியதற்கு, “மூணு நாள் நான்தான் சார் உங்க பொண்ணுக்கு வாங்கிக் குடுத்தேன்” என்று சொல்லியிருக்கிறார்.

அந்த உப்புமா இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. அன்றிலிருந்து தெரியாத ஆள் எதை வாங்கிக் கொடுத்தாலும் தொடுவதில்லை.

தெரிந்தவர்கள் வாங்கிக் கொடுப்பது வேறு கதை. எங்கள் ஊர்க்காரர்கள் அதற்காக அடித்துக்கொள்வார்கள். அபர்தீன் பஜாரில் ஒரு ஹோட்டலில் என் அப்பாவும், அவரோடு வேலை பார்த்த ஒருவரும், “நான் குடுக்கிறேன், நீ கையை எடு” என்று மல்லுக்கட்டியதில் அப்பாவின் சட்டைப்பை கிழிந்து தொங்கியது. இரண்டு பேரும் பரமக்குடிப் பக்கம். வெளியே வந்தும் ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் போகவில்லை. அம்மா அந்தப் பையை வேறு நிற நூலில் தைத்துக் கொடுத்தார்.

அந்தச் சண்டையில் ஒரு நிம்மதி இருக்கிறது. யார் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்பது ஹோட்டல் முழுக்கத் தெரியும். முகமில்லாமல் வருகிற பூரியை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

முன் சீட்டில் ஒரு பெண்

பஸ் கேட்டைத் தாண்டிய பிறகுதான் பார்த்தேன். இரண்டு சீட்டுக்கு முன்னால் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில், ஜன்னலோரம், இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். பதினாறு வயது இருக்கும். அவளுடைய கைக்குட்டை நனைந்திருந்தது. நான் கத்தியபோது கடைக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர் டிரம்மில் கை கழுவிக்கொண்டிருந்தது இவள்தான் என்று உறைத்தது. எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். இரண்டு பாஷையிலும் கேட்டிருப்பாள்.

காடு முழுக்க அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் ஒரு முறை ஏதோ சொன்னார். அவள் திரும்பவில்லை.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இப்படிச் செய்கிறாரே என்றுதான் நினைத்தேன். அவ்வளவு உறுதியாக இருந்தேன்.

மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறையில் இறங்கி, பஸ்ஸும் நாங்களும் படகில் அக்கரைக்குப் போக வேண்டும். படகில் ஒரு கான்ட்ராக்டர் அவரைக் கண்ணால் காட்டி, பக்கத்தில் இருந்தவரிடம், “பூரிவாலா” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டையின் மேல் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தார்.

பதினொன்றாம் வகுப்பு

பள்ளி திறந்த முதல் நாள். பதினொன்றாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

“ஜெனிட்டா.”

“பிரசன்ட் டீச்சர்.” நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னது அந்த இரட்டைச் சடை.

அடுத்த பெயரைத் தப்பாகப் படித்தேன்.

மதியம் எங்கள் பியூனிடம் சும்மா கேட்பது போல விசாரித்தேன். பதில் உடனே வந்தது. “அதுவா மேடம்? ஜெட்டில போட் இன்ஜின் பாக்குறாரே சூசை, அவரு பொண்ணு. தூத்துக்குடிக்காரங்க. பத்தாவது வரைக்கும் போர்ட் பிளேயர்ல அத்தை வீட்ல படிச்சுது. இப்பதான் அப்பாகிட்ட வந்திருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இப்ப அவருக்கு பூரிவாலான்னு பேரு மேடம். பஸ்ல ஏதோ லேடீஸ்கிட்ட வம்பு பண்ணிட்டாராம்” என்றார்.

அந்த லேடீஸ் யார் என்று அவருக்குத் தெரியாது. அதற்குள் பெயர் மட்டும் ஊருக்குள் வந்து குடியேறிவிட்டது. மாயாபந்தர் சின்ன ஊர். ஒரு முனையில் ஜெட்டி, மறுமுனையில் ஆபீஸ்கள், நடுவில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்.

இரவு போனில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “உண்மையிலேயே அவர்தான் வாங்கிக் குடுத்தாரா?” என்று கேட்டார். “வேற யாரு?” என்றேன். “அதைத்தான் கேக்குறேன்” என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை.

ஜெனிட்டா நன்றாகப் படிக்கிற பெண். சமன்பாடு போடச் சொன்னால் நெற்றியைச் சுருக்கி, சரியாகப் போட்டுவிட்டுத்தான் தலையைத் தூக்குவாள். ஆனால் என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. காலையில் அவள் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். பள்ளி வாசலில் அல்ல, ரேஷன் கடை முனையில். அவள் இறங்கித் தனியாக நடந்து வருவாள். அப்பாவோடு வர வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். அதற்கும் நான்தான் காரணம் என்பது உறுத்தியது.

கவிழ்த்த கிளாஸ்

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது, பஸ் நின்றதும் முதல் ஆளாக இறங்கி தீதியின் கடைக்குப் போனேன்.

“தீதி, அன்னிக்கு என் பூரிக்குக் குடுத்தது யாரு?”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் கூச்சலை யார் மறப்பார்கள்.

“வோ? அது ஆறு மணி கான்வாய் ஆளு மேடம். முகம்கூட ஞாபகம் இல்ல.”

“ஆறு மணி கான்வாயா? நாங்க வந்தது ஒன்பது மணிக்கு.”

“அதான்” என்று சிரித்தாள். கரண்டியால் பின்னால் இருந்த பலகையைக் காட்டினாள். அங்கே இரண்டு கண்ணாடி கிளாஸ்களைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அவள் அவளுடைய பாஷையில் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தக் கேட்டடியில் முதலில் காசைக் கொடுத்துவிட வேண்டும். பூரி வருவதற்குள் விசில் அடித்துவிட்டால் கொடுத்த காசைத் திரும்ப வாங்க யாரும் நிற்பதில்லை. “ரஹ்னே தோ தீதி” என்று கத்திக்கொண்டே ஓடிவிடுவார்கள். இருக்கட்டும், யாராவது சாப்பிடட்டும் என்று அர்த்தம். அப்படி விட்டுப்போன ஒவ்வொரு தட்டுக்கும் அவள் ஒரு கிளாஸைக் கவிழ்த்து வைப்பாள். அடுத்த கான்வாயில் யார் முகம் வாடியிருக்கிறதோ அவர்களுக்குக் கொடுத்துவிட்டு கிளாஸை நிமிர்த்துவாள். இப்போதெல்லாம் சிலர் விசிலுக்குக் காத்திராமலேயே இன்னொரு தட்டுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்களாம்.

“உங்க முகம் அன்னிக்கு டீக் நஹி. அழுத முகம். நான்தான் குடுத்தேன்” என்றாள்.

“அந்த ஆளு என்னைப் பாத்து ஏன் சிரிச்சாரு?”

“சூசை பாயா? அவருக்கு இது மாலும், நல்லா தெரியும் மேடம். எத்தனை தடவை விட்டுட்டு ஓடியிருக்காரு. எத்தனை தடவை சாப்பிட்டிருக்காரு.” பிறகு, “நீங்க விட்டுட்டுப் போன பூரியை பன்னிரண்டு மணிக்கு ஒரு லாரி டிரைவர் சாப்பிட்டாரு. சூடு பண்ணிக் குடுத்தேன். நல்லா இருக்குன்னாரு” என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, அவமானமாக இருந்தது. அவர் மட்டும் அன்று எதிர்த்துப் பேசியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

பிறகு எனக்கு ஒரு சாமர்த்தியமான யோசனை வந்தது. பர்ஸைத் திறந்தேன். “சூசையும் அவர் பொண்ணும் எப்ப வந்தாலும் இதுல சாப்பாடு குடுங்க. நான்னு சொல்ல வேண்டாம்” என்று நோட்டை நீட்டினேன்.

தீதி கையை எண்ணெய்த் துணியில் துடைத்தாள். ஆனால் வாங்கவில்லை.

“ஆள் பேரு சொல்லி இங்க விட முடியாது மேடம். யாருக்குன்னு சொன்னா அது இந்த கிளாஸ் இல்ல. அது உங்க வேலை. நீங்களே போய்ப் பண்ணுங்க.”

விசில் அடித்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து காடு முழுக்க அதைத்தான் யோசித்தேன். உதவிக்குப் பெயர் வேண்டாம், அது யார் கையிலிருந்து வந்தாலும் வயிறு நிறைந்துவிடும். மன்னிப்பு அப்படி இல்லை. இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்று இருந்தால்தான் அது மன்னிப்பு. நான் முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவரைத் திட்டும்போது மறைக்காத முகம்.

ரேஷன் கடை முனை

வகுப்பில் வைத்து ஜெனிட்டாவிடம் சொல்லலாமா என்று முதலில் நினைத்தேன். மற்ற பிள்ளைகள் முன்னால் அவளை நிற்க வைப்பது இன்னொரு தப்பாகிவிடும். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் எனக்குச் சௌகரியம், அவருக்கு ஒன்றும் இல்லை. பூரிவாலா என்ற பெயர் தெருவில் இருக்கிறது. தெருவில்தான் அதைக் கழற்ற வேண்டும்.

திங்கட்கிழமை காலை ரேஷன் கடை முனையில் போய் நின்றேன். அரிசிக்கு வரிசை நின்றிருந்தது. பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். ஸ்கூட்டர் வந்தது. என்னைப் பார்த்ததும் சூசை பிரேக் பிடித்த இடத்திலேயே நின்றுவிட்டார். ஜெனிட்டா சட்டென்று இறங்கி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

அப்போதுதான் புரிந்தது. அவள் அப்பாவுக்காக வெட்கப்படவில்லை. பள்ளி வாசலில் நான் நிற்பேன், அவர் என் கண்ணில் படக் கூடாது என்றுதான் இங்கேயே இறங்கியிருக்கிறாள்.

“சூசை அண்ணே” என்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் சொன்னேன். “அன்னிக்கு ஜிர்காடாங்குல உங்களைத் திட்டினது நான்தான். நீங்க எனக்கு ஒண்ணும் வாங்கிக் குடுக்கலை. விசாரிக்காம, உங்க பொண்ணு முன்னாடி, அத்தனை பேர் முன்னாடி கத்திட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சிருங்க.” பிறகு ரேஷன் வரிசைக்காக அதையே ஹிந்தியிலும் சொன்னேன். வரிசையில் யாரோ கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்கள்.

சூசை பதறிவிட்டார். “ஐயோ, என்ன டீச்சர் இதெல்லாம். ரோட்ல நின்னு. விடுங்க. நீங்க தனியா வாறவங்க, பயம் இருக்கும்லா. எனக்கும் பொட்டப்புள்ள இருக்கு, எனக்குத் தெரியாதா?”

இவ்வளவு சுலபமாக விட்டுவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. புறப்படலாம் என்று பையைத் தோளில் மாட்டினேன்.

“டீச்சர்” என்றாள் ஜெனிட்டா. என்னிடம் அவள் கேட்ட முதல் சந்தேகம் அதுதான்.

“எங்கப்பா நெசமாவே வாங்கிக் குடுத்திருந்தா? நீங்க அழுதுட்டு இருந்தீங்க, பாவம்னு வாங்கிக் குடுத்திருந்தா? இப்ப வந்து மன்னிப்பு கேட்டிருப்பீங்களா?”

“ஏட்டி, சும்மா இரு. டீச்சர்ட்ட பேசுத பேச்சா இது” என்றார் சூசை.

கேட்டிருப்பேன் என்று சொல்லிவிடலாம். வாய் வரை வந்துவிட்டது. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தாள். ரேஷன் வரிசையும் காத்திருந்தது. கப்பல்காரன் செய்ததற்கு நான் பயந்தது தப்பில்லை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இந்த மனிதர் இரக்கப்பட்டு ஒரு தட்டுப் பூரி வாங்கிக் கொடுத்திருந்தால், நான் திட்டியது சரி என்றே சாகும்வரை நம்பியிருப்பேன். அவர் கொடுக்காததால்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

“மாட்டேன்” என்றேன். “கேட்டிருக்கணும். ஆனா கேட்டிருக்க மாட்டேன்.”

அவள் நடுவிலிருந்து விலகி அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

“அப்ப அதுக்கும் சேத்துக் கேளுங்க டீச்சர்.”

முதலில் கேட்டதை வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இதற்கு என்னிடம் வார்த்தை எதுவும் தயாராக இல்லை. நான் பேசத் தொடங்கியபோது சூசை ஸ்கூட்டரை அணைத்துவிட்டு, இறங்கி, என் எதிரே வந்து நின்றார்.

கேட்டேன்.